சித்திரைப் பௌர்ணமி வெள்ளரி

வெயில் காலத்தில் எனக்கு வெள்ளரிப்பிஞ்சு இருந்தால் போதும், சோறுகூட வேண்டாம். நீளவாக்கில் நான்காகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கையில் கொடுப்பார்களே, அதைத் தின்றுகொண்டே வேலைக்குப் போன நாட்கள் உண்டு. அந்தக் காய்மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது, சார். அதைப் பயிர் செய்கிறவர்கள்மேலும் கிடையாது. நீங்கள் விசாரித்த இடத்திலெல்லாம் என்னைப் பற்றி நல்லபடியாகத்தான் சொல்லியிருப்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

என் பெயர் வேதா. வேங்கிக்காலில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காய்கறியிலும் பழத்திலும் பூச்சிமருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. காயில் எவ்வளவு மருந்து இருக்கிறது, சாப்பிடுகிறவர் எவ்வளவு சாப்பிடுகிறார், அவருடைய உடல் எடை என்ன, இந்த மூன்றும் தெரிந்தால் அவருக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுவிடலாம். மூன்றில் ஒன்று மாறினாலும் விடை மாறிவிடும். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

இந்த ஊர்க் காய்களை எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். எந்தக் கீரை மருந்து அடித்த மறுநாளே சந்தைக்கு வருகிறது, எந்தக் கிணற்றுத் தண்ணீரில் போன வருஷத்து மருந்து இன்னும் இருக்கிறது என்றெல்லாம் தெரியும். தேனீ வராமல் போனதால் பூசணிப்பூவுக்குக் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிற தோட்டங்களைப் பார்த்திருக்கிறேன். வேலைக்கு வெளியே, என் சொந்த நேரத்தில், சந்தையில் வாங்கிச் சோதித்து, சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். கேட்டுக்கொண்டார்கள். டீ கொடுத்தார்கள். ஒரு அதிகாரி மட்டும் கொஞ்சம் மனம்விட்டுப் பேசினார்.

"நீங்க சொல்றதெல்லாம் கரெக்ட்தான் மேடம். ஆனா யாராச்சும் விழுந்தாங்களா? பத்து வருஷம் கழிச்சு கேன்சர் வரும்னா யாரு கேப்பாங்க? ஒருத்தன் விழுந்தா நாளைக்கே ஊரு பூரா ரெய்டு வரும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து அதை யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆதிமூலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே போனால் அவருடைய தோட்டம். கிணற்றுப் பாசனம். வெயில் காலத்தில் வெள்ளரி போடுவார். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் தாகத்துக்கு வெள்ளரிப்பிஞ்சுதான் வாங்குவார்கள், அதனால் பௌர்ணமியைப் பார்த்து விதை ஊன்றுவார். விவசாயிகளுக்காக நான் நடத்திய கூட்டம் ஒன்றில் அவரைச் சந்தித்தேன். மற்றவர்கள் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். அவர் எழுந்து, மருந்து அடித்தால் எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று கேட்டார். அன்றிலிருந்து என்னைக் கேட்காமல் அவர் ஒரு காயும் பறித்ததில்லை. போன் செய்வார். "அம்மா, நாந்தான் ஆதிமூலம்" என்று ஆரம்பிப்பார். என்னைவிட வயதில் பெரியவர்.

இந்தச் சித்திரையில் அவருடைய கொடிகளில் பூச்சி விழுந்தது. உரக்கடையில் ஒரு குருணை மருந்து கொடுத்திருக்கிறார்கள். வேரடியில் போட்டுத் தண்ணீர் விட வேண்டியது. கரும்புக்குப் போடுகிற மருந்து, வெள்ளரிக்குப் போடக் கூடாது. கடைக்காரர் அதைச் சொல்லவில்லை. போட்ட பிறகு ஆதிமூலத்துக்குச் சந்தேகம் வந்து, பையில் கொஞ்சம் பிஞ்சுகளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி என்னிடம் வந்தார்.

நான் சோதித்தேன். அந்த மருந்து வேர் வழியாக ஏறிக் காய்க்குள்ளேயே தங்கிவிடும். எத்தனை முறை கழுவினாலும் போகாது. வெள்ளரியைச் சமைப்பதும் இல்லை. அளவு அதிகமாக இருந்தது. நான் அதுவரை பார்த்ததிலேயே அதிகம்.

இயந்திரத்தை அணைத்தேன். பிறகு கணக்குப் போட்டேன். மலை சுற்றுகிற ஒருவர் வழியில் ஒரு காய் தின்பார். தாகம் ஜாஸ்தியானால் இரண்டு. வளர்ந்த ஆளுக்கு வாந்தி வரும், வியர்க்கும், வாயில் நீர் ஊறும், கண்பாவை சுருங்கும், நிற்க முடியாமல் உட்கார்ந்துவிடுவார். இந்த வகை மருந்தின் பாதிப்பு ஒரு நாளில் உடலைவிட்டுப் போய்விடும். ஊசி உண்டு. போட்டால் இன்னும் சீக்கிரம் சரியாகும். மருந்துக்கடை வைத்திருக்கிற எனக்குத் தெரிந்த ஒருவரிடம், அந்த ஊசி ஊரில் போதுமான அளவு கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டேன். எதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது என் பழக்கம்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் ஆதிமூலம் போன் செய்தார்.

"அம்மா, பிஞ்செல்லாம் பதமா நிக்குது. பறிக்கலாங்களா? வேணாம்னா சொல்லிடுங்க. மாட்டுக்குக்கூடப் போடாம குழி வெட்டிக் கொட்டிடறேன்."

"பறிங்க. பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல," என்றேன்.

அவர் மூச்சு விடுவது போனில் கேட்டது. "நீங்க நல்லா இருக்கணும்மா," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் நானும் மலை சுற்றப் போனேன். என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்ப்பது என் பொறுப்பு என்று தோன்றியது. கூட்டம் தோளோடு தோள் இடித்தபடி போய்க்கொண்டிருந்தது. அடி அண்ணாமலை தாண்டி கவுஸ் பாஷாவின் தள்ளுவண்டி நின்றது. ஆதிமூலத்தின் காயை மொத்தமாக எடுத்து விற்கிறவர் அவர்தான். பௌர்ணமி தவறாமல் நான் அவரிடம்தான் வாங்குவேன். என்னைப் பார்த்ததும் ஒரு பிஞ்சைக் கீறி நீட்டினார்.

"வாங்க மேடம். இன்னிக்குக் காயி ஜோரா இருக்கு. நம்ம ஆதிமூலம் தோட்டம்."

வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

வண்டிக்குக் கீழே சாக்கு விரித்து அவருடைய மகள் ரூக்ஸார் உட்கார்ந்திருந்தாள். மூன்று வயது இருக்கும். பச்சைக் கவுன். பிஞ்சுகளின் நுனியை நறுக்கிப் போடுகிற கிண்ணம் அவள் மடியில் இருந்தது, ஒவ்வொன்றாக எடுத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். முழுப் பிஞ்சு ஒன்றும் கையில் இருந்தது. அவளுடைய அம்மா குர்ஷித் பேகம் உப்புத் தடவிக்கொண்டே என்னிடம் முறையிட்டார்.

"சோறு வச்சா வேணாங்கிறா மேடம். காலையிலேர்ந்து இதான் சாப்பாடு."

நான் குனிந்து பார்த்தேன். குழந்தையின் தாடை நனைந்திருந்தது. கவுனின் மார்புப் பக்கமும் நனைந்திருந்தது. குழந்தைகளுக்கு எச்சில் வடிவது சகஜம்தான். என்னைப் பார்த்து அவள் சிரித்தாள் என்று நினைக்கிறேன். மற்ற பௌர்ணமிகளில் சிரித்ததும் நினைவில் இருப்பதால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

நான் ஒன்றும் சொல்லாமல் போய்விடவில்லை, சார். அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். குர்ஷித்திடம் சொன்னேன். "கொழந்தைக்கு ஜாஸ்தி குடுக்காதீங்க. சளி புடிச்சுக்கும்."

"இந்த வெயில்லயா மேடம்?" என்று அவர் சிரித்தார். வண்டியைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். காசை நீட்டிக்கொண்டு, எனக்கு எனக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் அதற்கு மேல் பேசியிருந்தால் எல்லாம் வீணாகியிருக்கும். நடந்தேன்.

இருட்டுவதற்குள்ளாகவே ஆரம்பித்துவிட்டது. சாலையோரம் ஒருவர் உட்கார்ந்தார், பிறகு இன்னும் சிலர். முதலில் வெயில் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். ஆம்புலன்ஸ்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தன. நான் ஆட்டோ பிடித்து அவற்றுக்கு முன்னாலேயே மருத்துவமனைக்குப் போய்விட்டேன். பணியில் இருந்த டாக்டரிடம் நான் யார் என்று சொல்லி, கண்பாவையைப் பாருங்கள், இது பூச்சிமருந்து, இந்த ஊசியைப் போடுங்கள் என்றேன். உடனே போட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். வயதானவர்கள்கூட மறுநாள் இட்லி சாப்பிட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறினார்கள். நான் போட்ட கணக்கில் ஒரு இடத்தில்கூடத் தவறு இல்லை.

கவுஸ் பாஷா விழுந்தவர்களைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். குர்ஷித் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். சாக்கின்மேல் குழந்தை தூங்குகிறாள் என்று இருவருமே நினைத்திருக்கிறார்கள். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது உயிர் இல்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அந்தக் கவுனைப் பார்த்தேன்.

அவளை அடக்கம் செய்த பிறகு குர்ஷித்தைப் பார்க்கப் போனேன். போகாமல் இருப்பது முறையில்லை. அவர் என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க அப்பவே சொன்னீங்களே மேடம், ஜாஸ்தி குடுக்காதீங்கன்னு. நான் சிரிச்சேனே. எம் புள்ளைய நானே கொன்னுட்டேனே."

அவர் கையை விடும்வரை நான் கையை எடுக்கவில்லை. அழுதேன். உண்மையாகவே அழுதேன். இன்றைக்கும் பச்சை நிறத்தில் குழந்தைத்துணி காய்வதைப் பார்த்தால் வேறு தெருவில் திரும்பிவிடுகிறேன்.

அந்த அதிகாரி சொன்னது நடந்தது. உரக்கடைகளில் சோதனை போட்டார்கள், சந்தையில் மாதிரி எடுத்தார்கள். என்னைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். வைகாசி முழுக்க ஊரில் யாரும் வெள்ளரி விற்கவில்லை. ஆனிப் பௌர்ணமிக்கு மறுபடி வந்துவிட்டது. நான் வாங்கிச் சோதித்தேன். வேறு மருந்து இருந்தது. சொன்னேன். டீ கொடுத்தார்கள்.

ஆதிமூலத்தை முதல் நாளே கைது செய்துவிட்டார்கள். நீங்கள்தான் விசாரித்தீர்கள். "மருந்து போட்டது நான்தான், பறித்ததும் நான்தான்" என்பதைத் தவிர அவர் உங்களிடம் எதுவும் சொல்லவில்லை என்று அறிந்தேன். அவர் மனைவி ராணியம்மாள் என் வீட்டுக்கு வந்தார். "அவரு உங்கள கேட்டுட்டுத்தான் பறிச்சாரும்மா. ஒரே ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க," என்று கேட்டார். போனில் என்ன பேசினோம் என்று நினைவில்லை என்றேன். அவர் வாதாடவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு படியில் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.

போன வாரம் வேலூர் சிறைக்குப் போய் ஆதிமூலத்தைப் பார்த்தேன். இளைத்திருந்தார். அவர் என்னைத் திட்டுவார் என்றுதான் போனேன். திட்டினால் கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்தேன். எதற்காக அப்படிச் செய்தேன் என்று அவருக்கு விளக்கவும் நினைத்திருந்தேன். அவருக்குப் புரியும். அந்தக் கூட்டத்தில் கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அவர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைச் சமாதானப்படுத்தினார்.

"நீங்க மனசு ஒடிஞ்சு போயிடாதீங்கம்மா. வேணும்னேவா சொன்னீங்க? மிஷினு தப்பா காட்டியிருக்கும். இல்ல, நீங்களே கண்ணு அசந்து பாத்திருப்பீங்க. படிச்சவங்களுக்கும் தப்பு வரும். உங்க பேர நான் எங்கயும் எடுக்கல. எடுக்கவும் மாட்டேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மலை தெரிய ஆரம்பித்தது. அவர் என்னை மன்னித்துவிட்டார் என்பது புரிந்தது. ஆனால் எதற்காக மன்னித்தாரோ அதை நான் செய்யவே இல்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை. அவர் சிறையில் இருப்பதைத் தாங்கிக்கொண்டிருந்தேன். ராணியம்மாள் படியில் நின்றதையும் தாங்கிக்கொண்டேன்.

அதனால்தான் இன்று நானாக வந்தேன். ஆதிமூலத்தை விட்டுவிடுங்கள். குழந்தை இறந்ததில் குர்ஷித்மேல் தப்பில்லை என்று அவரிடம் நீங்கள் யாராவது போய்ச் சொல்லுங்கள், என்னால் போக முடியாது. காயில் எவ்வளவு விஷம் இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பறிக்கச் சொன்னேன். குழந்தையின் வாயிலிருந்து வடிந்தது என்ன என்பதும் குனிந்து பார்த்த அந்த நிமிஷமே எனக்குத் தெரியும்.

என் இயந்திரத்தை வாரம் தவறாமல் நானே சரிபார்க்கிறேன். இத்தனை வருஷத்தில் அது ஒருமுறைகூடத் தப்பாகக் காட்டியதில்லை. நீங்கள் இதைக் கொலை என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன், சார். பிழை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.