வேறு ஏதாவது?

ஜோல்தோஷ் அன்று காலை தேநீரை நின்றபடியே குடித்தான். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தால் பேன்ட்டின் மடிப்புக் கலைந்துவிடும் என்றான். எங்கள் வானிலை நிலையத்தில் மடிப்பு வைத்த பேன்ட்டை நான் பார்த்தது அன்றுதான். முந்தின இரவு அதை மெத்தைக்கு அடியில் வைத்து, மேலே படுத்து இஸ்திரி போட்டிருந்தான்.

"டேய் இமானலி, பெட்ரோல்ல எண்ணெய் கலந்துட்டியா?"

"கலந்துட்டேன்" என்றேன்.

போதும் என்பதற்கு அடையாளமாகக் கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடிக் காட்டிவிட்டு, வண்டியைத் துடைக்க வெளியே போனான்.

கிசில்-பெல் கணவாய்க்குச் சற்றுக் கீழே இருக்கிறது எங்கள் நிலையம். சோவியத் காலத்தில் இங்கே நிறையப் பேர் இருந்தோம், சமையலுக்கென்றே ஓர் ஆள் இருந்தார். நாடு பிரிந்த பிறகு ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். கடைசியில் மிஞ்சியது நானும் ஜோல்தோஷும், முன்பிருந்த தலைமை அதிகாரி விட்டுச்சென்ற பழைய ஜாவா மோட்டார் சைக்கிளும். வெப்பமானியைப் பார்ப்பது, காற்றைப் பார்ப்பது, பனியில் கோலை ஊன்றி அளப்பது, இவைதான் வேலை. இருவரும் முறை வைத்துக்கொண்டோம். எனக்கு மனைவி இருந்தாள், விட்டுப் போய்விட்டாள். அவன் கட்டவே இல்லை.

இருவருக்கும் ஒரே வயது. எங்கள் கிர்கிஸ் வழக்கத்தில் ஒத்த வயதுக்காரன் என்ன திட்டினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொள்கிறவன்தான் கேலிக்கு ஆளாவான். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தோம். வெளியாள் கேட்டால் பகையாளிகள் என்றே நினைத்திருப்பார். என் வாழ்க்கையில் என்னோடு அவ்வளவு பேசியவன் வேறு யாருமில்லை.

அவனுடைய இடது கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு பனிப்புயலில், கருவிக் கூண்டுக்கும் வீட்டுக்கும் இடையே வழி தவறி விழுந்துவிட்டேன். ஜோல்தோஷ் தேடி வந்து, கையுறை கழன்று போனதுகூடத் தெரியாமல் வெறுங்கையால் பனியைத் தோண்டி என்னை வெளியே எடுத்தான். அந்தக் கையில் மூன்று விரல்களை நாரின் மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். "உன் கழுதைத் தலைக்கு மூணு வெரலு ரொம்ப ஜாஸ்திடா" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

மிஞ்சிய இரண்டு விரல்களால் கிளட்ச்சை இழுத்துப் பிடிக்க முடியாது. பழைய ஜாவாவில் அதற்கு ஒரு வசதி உண்டு. கியர் மிதியை அழுத்தினாலே உள்ளே கிளட்ச் தானாக விலகிக்கொள்ளும். நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "கைப்பிடிய நீ தொடவே வேணாம். காலே போதும்." அவனும் அப்படியே பழகிக்கொண்டான்.

கணவாய்க்கு அந்தப் பக்கம் சாரி-பூலாக் கிராமத்தில் ஆனார்கான் இருந்தாள். அங்கிருக்கும் வானொலி நிலையத்தில் எங்கள் அறிக்கைகளைக் கேட்டு எழுதிக்கொள்கிறவள், விதவை. குளிர் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், மேகம் எப்படி என்று நாங்கள் சொல்லி முடித்ததும், "வேற ஏதாவது?" என்று கேட்பாள். அது அவளுடைய வேலையில் கேட்க வேண்டிய கேள்வி. "வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லி முடிப்பது எங்கள் வேலை. தொடக்கத்தில் மாலை அறிக்கையை நான்தான் சொல்லி வந்தேன். எனக்கு அவ்வளவாகப் பேச வராது என்பதால் பிறகு ஜோல்தோஷிடம் விட்டுவிட்டேன்.

அவனுக்கு எப்போதும் வேறு ஏதாவது இருந்தது. நரி வந்து கதவைச் சுரண்டியது, சூப் தீய்ந்துவிட்டது, இமானலி தூக்கத்தில் ரஷ்ய மொழியில் பேசுகிறான். அவள் சிரிப்பது கரகரவென்று அறை முழுவதும் கேட்கும். நான் அடுப்பருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். "ஜோல்தோஷ் அண்ணே, ஜோல்தோஷ் அண்ணே" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மாலை வெறும் ஜோல்தோஷ் என்றாள். அவன் அதைக் கவனித்தானோ என்னவோ, நான் கவனித்தேன்.

அந்த இலையுதிர் காலத்தில் ஜாவாவின் இஞ்சினில் தட்டும் சத்தம் வந்தது. பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க்கின் பேரிங் போய்விட்டிருந்தது. ஜோல்தோஷ் என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"வசந்தத்துக்குள்ள இஞ்சினக் கட்டிக் குடுத்துடு. அவ சரின்னுட்டா. நான் அந்தப் பக்கம் போயிடறேன்."

"வீட்டோட மாப்பிள்ளையாவாடா போற? வெக்கமா இல்ல?"

"வெக்கத்த வச்சுக் குளிருக்குப் போத்திக்க முடியுமா? நடந்து போனாத்தான் அசிங்கம். ஜாவாவுல போய் எறங்கணும்."

ஓட்டுவது அவன், கழற்றுவது நான். எப்போதும் அப்படித்தான். சாப்பாட்டு மேசையில் கம்பளம் விரித்து இஞ்சினைப் பிரித்தேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் நாங்கள் அடுப்புத் திட்டில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி அவன் துடைத்துக் கொடுப்பான், நான் பார்த்து அடுக்குவேன். வெளியே பனி ஜன்னல்வரை ஏறியிருந்தது. இவ்வளவு நல்ல குளிர்காலம் எனக்கு அமைந்ததே இல்லை.

இரண்டு சிலிண்டர் இஞ்சினின் கிராங்க் ஒரே துண்டாக வராது. துண்டுகளை ஒன்றில் ஒன்று அழுத்திச் சேர்த்து, எல்லாம் ஒரே நேர்கோட்டில் சுழல்கிறதா என்று முள் வைத்த கருவியால் பார்க்க வேண்டும். முள் ஆடினால் ஈயச் சுத்தியலால் ஒரு தட்டு. மறுபடியும் சுழற்ற வேண்டும், மறுபடியும் ஒரு தட்டு. பொறுமை வேண்டும். எனக்குப் புத்தாண்டுக்கு முன்பே முள் ஆடாமல் நின்றுவிட்டது.

ஜோல்தோஷ் அப்போது வெப்பமானி பார்க்கப் போயிருந்தான். நான் சுத்தியலை எடுத்து ஒரு தட்டு தட்டினேன்.

"இன்னும் ஆடுதா?" என்று பூட்ஸில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டே கேட்டான்.

"ஆடுது."

"சரி விடு. நீ இல்லன்னா இத யாருடா பண்ணுவா?"

அதன் பிறகு, எப்போதெல்லாம் முள் நின்றதோ அப்போதெல்லாம் அவன் வெளியே போகும்வரை காத்திருந்தேன். வெகுநாள் அப்படி ஓடியது. பனி இளகத் தொடங்கியதும் கிராங்க்கைச் சரிசெய்து உள்ளே வைத்துவிட்டு, பிஸ்டன் ரிங் ஒன்றை விரல்களுக்கிடையே சற்று அதிகமாக விரித்தேன். வார்ப்பிரும்பு என்பதால் பட்டென்று முறிந்தது. புது ரிங்குக்குச் சாமான் வண்டி வரவேண்டும், வண்டி வரச் சாலை திறக்கவேண்டும். ஜோல்தோஷ் முகம் சுண்டிப்போய் வானொலியில் அதைச் சொன்னான். ஆனார்கான் எங்கெங்கோ விசாரித்து, யாரோ ஒருவர் கொட்டகையில் கிடந்த ரிங்குகளை வாங்கி, முதல் வண்டியிலேயே அனுப்பிவிட்டாள். கூடவே எனக்கு ஒரு ஜோடி கம்பளிக் காலுறையும் இருந்தது.

அவன் என்னையும் கூப்பிட்டான். அதையும் மறைக்கக் கூடாது.

"நீயும் வாடா. அவ வீட்ல பின்னாடி ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு."

"கருவிய யாரு பாக்கறது?"

"கருவி என்ன, கறவை மாடா? நீ பாக்கலன்னாலும் அது பாட்டுக்கு ஏறும், எறங்கும்."

பின்பக்க அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்த இடத்தில் சற்று விளக்க வேண்டும். மற்ற இஞ்சின்களைப் போல இதற்கு எண்ணெய் வைக்கத் தனித் தொட்டி இல்லை. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் கிராங்க்குக்கும் போகும். கலக்காவிட்டால் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, பிஸ்டன் சூட்டில் வீங்கிச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். இஞ்சின் அப்படியே இறுகி, பின்சக்கரமும் நின்றுவிடும். இந்த வகை வண்டி ஓட்டுகிறவர்கள் அதனால்தான் எப்போதும் இரண்டு விரல்களைக் கிளட்ச் கைப்பிடியின் மேலேயே வைத்திருப்பார்கள். இறுகும்போது இழுத்துவிட்டால் சக்கரம் விடுபட்டு உருளும்.

நான் நினைத்தது மிகவும் எளிமையானது. நிலையத்திலிருந்து கணவாய்வரை ஏற்றம். ஏற்றத்தில் வண்டி மெதுவாகத்தான் போகும். பாதி வழியில் இஞ்சின் இறுகும், வண்டி நிற்கும். அவன் இறங்கி, சக்கரத்தை ஓர் உதை உதைத்து, என் பரம்பரையையே திட்டிக்கொண்டு நடந்து வருவான். மாலைத் தேநீருக்கு வந்துவிடுவான். மறுபடியும் மேசையில் கம்பளம் விரிக்க வேண்டியிருக்கும். அடுத்த குளிர்காலம்வரைகூட ஆகலாம்.

இதில் கெடுதல் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தொலைதூரம் போகிறவன் ஒரு ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டுப் போக வேண்டும். மிச்சத்தை ஆணியில் மாட்டி வைப்போம். திரும்பி வந்து அவன்தான் அதைத் தின்ன வேண்டும். வாசலில் ரொட்டியை நீட்டினேன்.

"நான் என்ன பட்டாளத்துக்கா போறேன்? பொண்டாட்டி கட்டப் போறேன்டா."

"ரெண்டும் ஒண்ணுதான். கடி."

சிரித்துக்கொண்டே கடித்தான். உள்ளே வந்து கதவருகே ஆணியில் மாட்டினேன். அவன் திரும்பி வருவான் என்று நம்பித்தான் மாட்டினேன். நம்பாதவன் மாட்டுவானா?

முதல் உதையிலேயே வண்டி கிளம்பிவிட்டது. அவன் திரும்பிப் புகைக்குழாயைப் பார்த்தான்.

"டேய், புகையே காணோமே!"

"நல்லாக் கட்டுன இஞ்சின் புகையாது."

கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான்.

மலையில் சத்தம் வெகுதூரம் கேட்கும். நான் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் சத்தம் மறைந்து மறுபடி எழுந்தது. இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. பேரிங்குகளைக் கோக்கும்போது தாராளமாக எண்ணெய் தடவியிருந்தேன். முந்தின நாள் சோதித்துப் பார்த்த கலவையும் தொட்டியின் அடியில் கொஞ்சம் கிடந்திருக்க வேண்டும். கொஞ்சம் மோசமாகக் கட்டியிருந்தால் மூன்றாவது வளைவில் நின்றிருக்கும். என் வேலை நன்றாக இருந்தது, அதுதான் தவறாகப் போயிற்று. சத்தம் உச்சியில் ஒரு முறை தெளிவாகக் கேட்டு, அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

அந்தப் பக்கம் முழுவதும் இறக்கம், கீழே ஆறு. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டால் இந்த இஞ்சினுக்கு இருக்கிற கொஞ்ச எண்ணெயும் போகாது. இது எனக்குத் தெரியும். அவனுடைய இடது கை விரல்கள் கிளட்ச் கைப்பிடியின்மேல் இருக்காது என்பதும் தெரியும்.

அப்போது காலை அறிக்கைக்கு நேரமாகிவிட்டது. உள்ளே போய் வானொலியைத் திருப்பினேன்.

"கெளம்பிட்டாராண்ணே?" என்றாள் ஆனார்கான். குரலே வேறு மாதிரி இருந்தது.

"கெளம்பிட்டான்."

"இங்க வீடு நெறைய சனம். எங்க பெரியம்மா இப்பவே அழ ஆரம்பிச்சிட்டாங்க. சரி, சொல்லுங்கண்ணே."

குளிரைச் சொன்னேன். காற்று மேற்கிலிருந்து, லேசாக. வானம் தெளிவு. பார்வைத் தூரம் நன்றாக இருந்தது. அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

உச்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், வளைவுகள் தொடங்கும் முன், பனி அள்ளும் சாலைப் பணியாளர்களின் கொட்டகை இருக்கிறது. அங்கே வழியை மறிக்கக் குறுக்குக் கம்பி உண்டு, வானொலியும் உண்டு. வசந்த காலத்தில் போகிற வண்டிகளையெல்லாம் நிறுத்தித் தேநீர் கொடுத்து, ஊர்ச் செய்தி கேட்டுத்தான் விடுவார்கள். அன்றும் ஜோல்தோஷ் அங்கே நின்றிருந்தான், மடிப்பு வைத்த பேன்ட்டைக் காட்டிப் பீற்றிக்கொண்டிருந்தான் என்று பிறகு சொன்னார்கள். ஆனார்கான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கம்பியை இறக்கியிருப்பார்கள்.

"வேற ஏதாவது?" என்று கேட்டாள்.

நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அங்கே நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தேன். அவர்களிடம் எண்ணெய் இருக்கும். கலந்து ஊற்றிக்கொண்டு அவன் அவளிடம் இறங்கிப் போய்விடுவான். திரும்பி வர மாட்டான்.

"வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

நாலாவது வளைவில், ஆற்றுக்கு மேலே, சாலையில் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. பின்சக்கரம் சுழலாமல் இழுத்த கோடு. மேய்ப்பர்கள்தான் அவனை மேலே தூக்கி வந்தார்கள்.

நாரினிலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார். பழைய வண்டி, வீட்டில் கட்டிய இஞ்சின், கையில் இரண்டு விரல். எழுதிக்கொண்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எண்ணெயைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அடக்கத்தன்று ஆனார்கான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அவருக்குன்னு இருந்தது நீங்க ஒருத்தர்தாண்ணே" என்றாள். உண்மைதான்.

வண்டியை மேலே கொண்டுவந்து போட்டார்கள். மேசையில் கம்பளம் விரித்து இஞ்சினைப் பிரித்தேன். பிஸ்டனின் அலுமினியம் உருகி, சிலிண்டர் சுவரில் வெள்ளி பூசியதுபோல் ஒட்டியிருந்தது. துடைத்துக் கொடுக்க ஆளில்லாததால் நாளாயிற்று. கிராங்க்கில் முள் ஆடாமல் நின்றதும் அப்படியே உள்ளே வைத்துவிட்டேன். இப்போது நன்றாக ஓடுகிறது. அளந்து எண்ணெய் கலக்கிறேன், நீலமாகப் புகைகிறது.

ரொட்டி ஆணியில்தான் இருக்கிறது. இந்த உயரத்தில் எதற்கும் பூசணம் பிடிப்பதில்லை. காய்ந்து கல்லாகிவிட்டது, கடித்த இடம் மட்டும் அப்படியே தெரிகிறது.

மாலை அறிக்கையை மறுபடியும் நான்தான் சொல்கிறேன். அவள் "வேற ஏதாவது?" என்று கேட்கும்போது இப்போதெல்லாம் எனக்கும் ஏதாவது இருக்கிறது. நரி வந்து கதவைச் சுரண்டியதைச் சொல்கிறேன். சூப் தீய்ந்ததைச் சொல்கிறேன். சில நாட்களில் சூப் தீயாவிட்டாலும் சொல்கிறேன். முதலில் "சரிண்ணே" என்று முடித்துக்கொண்டாள். இப்போது லேசாகச் சிரிக்கிறாள். அவள் அனுப்பிய காலுறையைத்தான் அந்த நேரத்தில் போட்டுக்கொள்கிறேன்.

நேற்றும் வெகுநேரம் பேசினாள். இந்த வருடம் பனி சீக்கிரம் வரும் என்றாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

அண்ணே என்று சொல்வதை மட்டும் அவள் இன்னும் விடவில்லை.