சத்தம் கேட்டுக் கிளம்பினவள்

“அதோ போவுது பாருக்கா. சின்னதா, வெள்ளையா… அதுல ஏழு ஏ, ஜன்னல் சீட்டு. என்னோடது. காலியா போவுது.”

ரெட்டியார்பாளையம் சிக்னலில் நின்ற பெங்களூர் பஸ்ஸில், சிந்துஜா பக்கத்து சீட்டு அக்காவைத் தாண்டி எட்டி வானத்தைக் காட்டினாள். அக்கா வானத்தைப் பார்த்தாள், சிந்துஜாவைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். ஓசூர் வரைக்கும் தூங்கலாம் என்று ஏறியவள். அதெல்லாம் சிந்துஜாவிடம் நடக்காது.

“ஆகாசத்துல இருநூத்தி எழுவது கிலோமீட்டருக்கா. ஒரு மணி நேரம். ரோட்டுல முன்னூத்திப் பத்து. நாப்பதுதான் ஜாஸ்தி, அதுக்கு எட்டு மணி நேரமா? எந்த ஊரு கணக்கு இது? விழுப்புரம், திருவண்ணாமலை, செங்கம்… வழியில இருக்கற ஊரையெல்லாம் நலம் விசாரிச்சிட்டுத்தான் போவான் இவன். நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்கு காலேஜ்ல சர்ட்டிபிகேட்டு காட்டணும். லேட்டா போனா சீட்டு அடுத்தவளுக்கு. நான் வாங்குன மார்க்குக்கு அந்த ஒரு காலேஜுதான் வான்னு சொல்லியிருக்கு. பொய் சொல்ல மாட்டேன்.

தூங்கறியாக்கா? தூங்கு. நான் சொல்லிக்கினே வரேன்.

எங்க வூடு லாஸ்பேட்டை. ஏர்போர்ட்டு சுவரு எங்க தெருக்கோடி. ஒன்றரைக்கு ஃப்ளைட்டு எறங்கும். கடியாரமே வாணாம். அந்த சத்தம் கேட்டா எங்கம்மா சோறு வடிக்கும், எதிர்வூட்டு சின்னப்பாப்பா மாடில துணி எடுக்கும். அவ்ளோ வருஷமா கேக்கறோம், ஒருத்தரும் ஏறுனதில்ல. நான்தான் மொதல்ல. தெருவே இப்ப மாடியில நின்னு டாட்டா காட்டிக்கினு இருக்கும். யாருக்கு? ஏழு ஏ-வுக்கு.

எங்கப்பா பதினோரு மணிக்கே சட்ட போட்டுக்கினு, பெட்டிய ஸ்கூட்டர்ல கட்டிட்டு நிக்குது. போலாம்மா, போலாம்மான்னு. நான்தான்… ‘ஃப்ளைட்டே இன்னும் பெங்களூர்லேருந்து வரல, அங்க போயி யார் மூஞ்சிய பாத்துக்கினு ஒக்காரறது? சத்தம் கேக்கட்டும், அஞ்சு நிமிஷத்துல போயிடலாம்’னேன். சரியாத்தான சொன்னேன்? வராத வண்டிக்கு எவனாவது போயி நிப்பானா?

சத்தம் கேட்டுச்சு. போனோம். அங்க ஒரு பொண்ணு சொல்லுது, டிக்கெட்டு காட்டிப் பெட்டி போடற கவுண்டரு ஒன்னேகாலுக்கே மூடியாச்சாம். பறக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிடுவாங்களாம். வண்டி வந்ததே ஒன்றரைக்கு. வர்றதுக்கு முன்னாடியே போயிடுச்சுன்னா என்னக்கா அர்த்தம்? ‘அதோ நிக்குதே’ன்னேன். ‘நிக்கட்டும்’னுது.

எங்கப்பா திட்டல. அதான் கடுப்பு. திட்டியிருந்தா நானும் ரெண்டு பேசியிருப்பேன். கம்முனு பஸ்ஸு ஏத்திவுட்டுட்டு, பஸ்ஸு எடுக்கற வரைக்கும் படிக்கட்டுகிட்டயே நின்னுச்சு. நான் எறங்கிடுவேன்னு பயம்போல.”

விழுப்புரத்தில் பஸ் நின்றது. “டீ குடிக்கறவங்க குடிங்க, பத்து நிமிஷம்” என்றார் கண்டக்டர். சிந்துஜா உடனே எழுந்துவிட்டாள்.

“பஜ்ஜி போடறான் பாருக்கா, அந்தக் கோடியில. சூடா ரெண்டு தின்னுட்டு வரேன். எடுக்கறப்ப ஹாரன் அடிப்பான் இல்ல? சத்தம் கேட்டதும் ஓடியாந்துடுவேன்.”

அக்கா கண்ணைத் திறந்தாள். சிந்துஜாவின் துப்பட்டா முனையைப் பிடித்துத் தன் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள். பிறகு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.