தலகாணி உறையில ஒரு நத்தை

இல்ல டீச்சர், அந்தப் பெரிய நாற்காலி உங்களோடது, நீங்களே உக்காருங்க. எனக்கு இந்த பெஞ்சு போதும். முட்டி இடிக்குது, பரவால்ல. மணி நாலு தானே ஆகுது? பாத்தீங்களா, நாலுக்கே வந்துட்டேன். கேட்டுல வாட்ச்மேன் அண்ணன் என்னப் பாக்குறாரு, கையில கடிகாரத்தப் பாக்குறாரு, மறுபடி என்னப் பாக்குறாரு. அவரு எனக்கு வச்சிருக்கற பேரு தெரியுமா உங்களுக்கு? அஞ்சேமுக்கால் அம்மா. மத்தவங்கல்லாம் அஞ்சு மணிக்கு வந்து அவங்கவங்க புள்ளைங்கள கூட்டிட்டுப் போயிடுவாங்க. நான் மட்டும் அஞ்சே முக்காலுக்கு மூச்சு வாங்க ஓடி வருவேன். எம் பொண்ணு பைய மாட்டிக்கிட்டு, ஷூ லேசையெல்லாம் கட்டிக்கிட்டு ரெடியா உக்காந்திருப்பா.

இப்பவும் வெளிய படிக்கட்டுல தான் இருக்கா. உள்ள வாடின்னேன். நீ பேசிட்டு வாம்மான்னுட்டா.

சரி, காட்டுங்க. ம். இது அவ போட்டிக்கு வரைஞ்சது. என் வீடுன்னு தானே தலைப்பு குடுத்தீங்க? ம். அப்புறம் இது... ஐயோ, தலகாணி உறையவே கழட்டிக் கொண்டு வந்துட்டீங்களா! உங்க சின்னவளோடதா? தூங்க அவளுக்கு வேற இருக்குல்ல? இல்ல டீச்சர், கிண்டல் பண்ணல. எனக்கு சங்கடமா இருந்தா இப்படித்தான் எதையாவது ஒளறிக்கிட்டே இருப்பேன்.

ரெண்டும் ஒண்ணு தான், நான் மறுக்கல. நத்தை, அது முதுகுல வீடு, வீட்டுக்கு ஓடு, புகைபோக்கி, கொம்பு ரெண்டுக்கும் நடுவுல கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கு. கண்ணு இருக்கறவங்க யாரு பாத்தாலும் பாத்து வரைஞ்சதுன்னு தான் சொல்லுவாங்க. முதல் பரிசுன்னு பேரெல்லாம் எழுதிட்டு வீட்டுக்குப் போறீங்க, போனா உங்க பொண்ணு தலைக்கடியில அதே நத்தை. சுருக்குன்னு தானே இருக்கும். உங்க மேல எனக்கு ஒரு துளி கோவம் கெடையாது.

இது தான் அந்த லெட்டரா? குடுங்க. பாத்து வரைஞ்சதை சொந்தமா வரைஞ்சதுன்னு குடுத்துட்டேன், தப்பு தான், இனிமே செய்ய மாட்டேன், எல்லாரும் என்ன மன்னிச்சிடுங்க. ஒரு அடித்தல் திருத்தல் இல்ல பாருங்க. வீட்டுப்பாடத்த இவ்வளவு அழகா எழுத மாட்டா. திங்கட்கிழம கிளாஸ்ல எழுந்து நின்னு இத படிக்கணும், கீழ நான் கையெழுத்துப் போடணும், இந்த வருஷம் பூரா எந்தப் போட்டியிலயும் சேத்துக்க மாட்டீங்க. அவ்வளவு தானே?

போடுறேன் டீச்சர், போட மாட்டேன்னா சொன்னேன். படிக்க வைக்காம விட்டுட முடியுமான்னு ஒரு வார்த்த கேக்கத்தான் ஆபீஸ்ல பர்மிஷன் போட்டுட்டு வந்தேன். முப்பத்தெட்டு பசங்க முன்னாடி டீச்சர். அவளுக்கு எட்டு வயசு. நாளைக்கு எவனாவது ஏ நத்தைன்னு கூப்பிட்டா, பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் அவ நத்தை தான்.

ரூல் எல்லாருக்கும் ஒண்ணு தான், கரெக்ட். எனக்கா தெரியாது? எங்க வீட்டுக்கு வந்து பாருங்க, ரூல் போட்டே அந்தப் புள்ளைய வளத்து வச்சிருக்கேன். அடுத்தவங்க பொருள் ஒரு குண்டூசின்னாலும் தொடக் கூடாது. தப்புப் பண்ணா நீயே வந்து சொல்லிடு, அடிக்க மாட்டேன். போன வருஷம் ஒரு நாள் இவ பைக்குள்ள யாரோ ஒரு பொண்ணோட ரப்பர் வந்துடுச்சு. அட, ஸ்ட்ராபெரி வாசன அடிக்குமே, அந்த ரப்பர். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கொட்டுற மழையில அவளக் கூட்டிக்கிட்டு நாலு தெரு தாண்டிப் போயி, அந்தப் பொண்ணு வீட்டுக் கதவத் தட்டிக் குடுக்க வச்சேன். அந்தம்மா திகைச்சுப் போயி நின்னுச்சு. ரப்பருக்காகவா வந்தீங்கன்னு கேட்டுச்சு. ரப்பருக்காக இல்லீங்க, பழக்கத்துக்காகன்னு சொன்னேன். எவ்வளவு பெரும எனக்கு! ஆபீஸ்ல ஒரு வாரம் அந்தக் கதையத் தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இப்போ நெனச்சா நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்கு.

அவங்க அப்பாவா? தெரியும், சொல்லிட்டேன். அவரு லிஃப்ட் ரிப்பேர் பாக்கறவரு. எந்தக் கட்டடத்துல எப்போ எவன் மாட்டிக்குவான்னு சொல்ல முடியாது, போன் வந்தா சாப்பாட்டுத் தட்ட அப்படியே வச்சுட்டு ஓடுவாரு. அவரு தான் சொன்னாரு, இதுக்கெதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருக்க, போயி டீச்சர் கிட்ட உண்மையச் சொல்லு, அவங்க புரிஞ்சுக்குவாங்கன்னு.

அது என்ன உண்மைன்னா... இந்தத் தலகாணி உறை எங்க கம்பெனியோடது டீச்சர். நான் அங்க தான் டிசைன் போடுறேன். இந்த நத்தை டிசைன் நான் குடுத்தது தான். ஆமா, இதே தான். கடையில தொங்குறது, உங்க வீட்டுல இருக்கறது, எங்க வீட்டுக் கட்டில்ல விரிச்சிருக்கற பெட்ஷீட்டு, எல்லாம்.

ஐயோ, அதெல்லாம் பெரிய விஷயம் இல்ல டீச்சர். நீங்க எந்திரிக்காதீங்க. வெளிய இருந்து பாக்கத் தான் படம் வரையுற வேலை. உள்ள வந்தா தச்சு வேலை மாதிரி. ஒரு சதுரத்துக்குள்ள வரையணும். அந்தச் சதுரத்தோட வலது ஓரம் அடுத்த சதுரத்தோட இடது ஓரத்துல போயி ஒட்டணும், மேல கீழயும் அப்படித்தான். ஒட்டு தெரிஞ்சா போச்சு, துணி பூரா கோடு கோடாத் தெரியும். கோடு ரொம்ப மெலிசா இருக்கக் கூடாது, கலர் அஞ்சுக்கு மேல போகக் கூடாது. பதினோரு வருஷமா பண்றேன். பூ, பட்டாம்பூச்சி, கரடி, மறுபடி பூ.

அதுல பாருங்க, இந்த வருஷ ஆரம்பத்துல எனக்கு ஒண்ணுமே வரல. ரெண்டு மாசம். பேப்பர விரிச்சா வெறும் பேப்பர் தான். கரடி போட்டா போன வருஷத்துக் கரடி. எங்க மேனேஜர் திட்ட மாட்டாரு, அதான் கொடும. பேப்பரத் திருப்பிக் குடுத்துட்டு, வீட்டுல ஏதாவது பிரச்சனையாம்மான்னு கேப்பாரு. புதுசா ஒரு பொண்ணு வேற சேந்திருந்தா, கடகடன்னு வரைவா, எனக்கு அக்கா அக்கான்னு டீ வேற வாங்கிக் குடுப்பா. அவ பக்கத்துல வந்தாலே என் பேப்பரக் கவுத்து வச்சுடுவேன். அந்த மாசக் கடைசிக்குள்ள புள்ளைங்க துணிக்குப் புது டிசைன் வரலன்னா வெளிய இருந்து வாங்கிக்கறதா பேசிட்டாங்க. எனக்கு வேற தொழில் தெரியாது டீச்சர். வேலை போறது ஒரு பக்கம். இனிமே நம்ம கையில ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சு போயிடுமேன்னு இருந்துச்சு பாருங்க, அது தான் என்னத் தூங்க விடல.

வீட்டுலயும் நான் மனுஷியாவா இருந்தேன்? அவ ஏதாவது கேட்டா, அம்மா வேலை பாக்குறேன்ல, போ. இதப் பாரும்மான்னா, அப்புறம் பாக்குறேன், போ. போ போன்னே ரெண்டு மாசம்.

அப்புறம் வந்துடுச்சு. ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம் வந்துடுச்சு. திங்கட்கிழம கொண்டு போயி மேஜை மேல வச்சேன். மேனேஜர் அதக் கையில எடுத்துப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, உனக்குள்ள இன்னும் ஒரு கொழந்த இருக்கும்மா, அத விட்டுடாதன்னு. கலர் கலக்குற மாஸ்டர் ஒரு பெரியவரு இருக்காரு, யாரையும் லேசுல பாராட்ட மாட்டாரு. அவரு கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டு, இது உன் கை மாதிரியே இல்லையேம்மான்னாரு. பாராட்டாத் தான் சொன்னாரு. நான் சிரிச்சேன். எல்லாரும் கை தட்டுனாங்க, அந்தப் புதுப் பொண்ணு கட்டியே புடிச்சுக்கிட்டா.

இல்ல டீச்சர், புதன்கிழம நீங்க கூப்பிட்டுக் கேட்டீங்கல்ல, அன்னிக்கு வீட்டுக்கு வந்து அவ அழவே இல்ல. சாப்பிட்டா. நான் பாத்திரம் வெளக்கிக்கிட்டிருந்தேன், பின்னாடி வந்து நின்னு, நான் பெட்ஷீட்டப் பாத்து வரைஞ்சேன்னு மிஸ் கிட்ட சொல்லிட்டேன், நீ கவலப்படாதன்னா. நீ கவலப்படாத. அவ எனக்குச் சொல்றா. எனக்கு என்ன தோணுச்சுன்னு கேளுங்க. அப்பாடான்னு இருந்துச்சு டீச்சர். பெத்த புள்ள தலை குனிஞ்சு நிக்குது, எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. ஒரு நிமிஷம் தான். ஆனா இருந்துச்சு.

என்ன? நெஜமாவா? லெட்டர் வேணாமா?

இல்ல, நீங்க சொல்றதும் சரி தான். அம்மா வரைஞ்சத தெனம் பாக்குற புள்ள, அது கைக்கு அதானே வரும். பரிசு குடுக்க முடியாது, அதப் பத்தி ஒண்ணும் இல்ல. படிக்க வேணாம்னு சொன்னீங்க பாருங்க, அதுவே போதும். அவரு சொன்ன மாதிரியே ஆயிடுச்சு, டீச்சர் புரிஞ்சுக்குவாங்கன்னாரு. ரொம்ப நன்றிங்க டீச்சர். இருங்க, இந்த உறைய நானே மடிச்சுத் தரேன். எங்க துணி தானே, எப்படி மடிச்சா சுருங்காதுன்னு எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமையா? யாரு, நானா?

கிளாஸுக்கு வந்து என்ன சொல்றது டீச்சர்? இது அவங்க அம்மா வரைஞ்சதுன்னு நீங்க பசங்க கிட்ட சொல்லுவீங்க, அப்புறம் நான் நத்தை எப்படி வந்துச்சுன்னு சொல்லித் தரணும். பசங்க கை தட்டுவாங்க. அவளும் மூணாவது பெஞ்சுல உக்காந்து தட்டுவா. தட்டுவா டீச்சர், அவளப் பத்தி எனக்குத் தெரியும்.

வேணாம். அது அவ வரைஞ்சது. பாத்து வரைஞ்சது நான் தான்.

அன்னிக்கு ஞாயித்துக்கெழம, மேஜைக்கு அந்தப் பக்கம் தரையில படுத்துக்கிட்டு, நான் கசக்கிப் போட்ட பேப்பரோட பின்பக்கத்துல வரைஞ்சுக்கிட்டிருந்தா. இது என்னடின்னேன், சும்மா ஒரு பேச்சுக்கு. இது அம்மா நத்தை, வேலைக்குப் போகும்போது வீட்டையும் எடுத்துக்கிட்டே போயிடும், அப்போ எத்தன மணியானாலும் லேட்டே ஆகாதுன்னா. நான் பாத்தேன். பாத்த உடனே தெரிஞ்சு போச்சு எனக்கு, நான் தேடுன டிசைன் இது தான்னு, பதினோரு வருஷம் சும்மாவா. போயி வெளயாடுன்னு அனுப்பிட்டு, அது மேல டிரேசிங் பேப்பரப் போட்டேன். துணியா வந்ததும் பாத்துட்டு, அம்மா இது என் நத்தைன்னு குதிச்சா. நம்ம ரெண்டு பேரோடதும் தான், வெளிய மட்டும் சொல்லிக்காத, ஆபீஸ்ல அம்மாவத் திட்டுவாங்கன்னேன். சரின்னுட்டா. அதோட அதப் பத்திப் பேசல. உங்க கிட்ட கூட அத காப்பாத்துறதுக்குத் தான் பாத்து வரைஞ்சேன்னு சொல்லியிருக்கா. நான் வளத்த புள்ள, சொன்ன மொத பொய் எனக்காக.

இல்ல டீச்சர், இந்த விஷயம் அவங்க அப்பாவுக்கும் தெரியாது. ஆபீஸ்ல என்ன சொல்லுவாங்கன்னு கேக்காதீங்க, அத நான் இன்னும் யோசிக்கல, யோசிச்சா வெளிய ஓடிடுவேன். திங்கட்கிழம வரேன். வந்து இத தான் சொல்றேன், முப்பத்தெட்டு பேர் முன்னாடி. பேப்பர்ல எழுதி வச்சு படிச்சாலும் படிப்பேன், எனக்கு வாய் கோணும்.

ஆனா ஒண்ணு. நீங்க சொன்னதும் பொய் இல்ல. அவ போட்டிக்கு வரைஞ்சது பெட்ஷீட்டப் பாத்த மாதிரியே தான் இருக்கு. அன்னிக்குத் தரையில படுத்து வரைஞ்சாளே, அந்த மொத படத்துல வீட்டுக்கு ஒரு ஜன்னல் இருந்துச்சு, அதுல ஒரு பொண்ணு இருந்தா, ரெட்டச் சடை போட்டுக்கிட்டு வெளிய எட்டிப் பாத்துக்கிட்டு. நான் தான் எடுத்துட்டேன். அவ்வளவு சின்ன மொகம் துணியில வராது, மை அப்பிக்கும். இங்க பாருங்க, போட்டிக்கு வரைஞ்சதுலயும் ஜன்னல் காலியா தான் இருக்கு. உறையில நான் போட்டது தான் அப்படியே. ஏன்டி அந்தப் பொண்ண விட்டுட்டன்னு நேத்து கேட்டேன். நீ அவள எடுத்ததுக்கு அப்புறம் தானேம்மா எல்லாருக்கும் புடிச்சுதுன்னா.