மேற்குச் சுவர் பற்றி

கல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பது எங்கள் தொழிலில் சாதாரணம். ஈரம் பட்டால்தான் அதன் கனிம மணிகள் தெளிவாகத் தெரியும். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இந்தச் சீனிவாசராகவன் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டை இன்னொருவர் பார்க்கத் தேவையில்லை என்றும் சொல்வார்கள். முப்பத்துநான்கு வருடம் சுரங்கப் புவியியலாளனாகவும் ஆலோசகனாகவும் இருந்தவனுக்கு அந்தப் பேச்சு பிடிக்கத்தான் செய்தது.

விசாரணை அதிகாரியான உங்களுக்கு நான் முன்பு சொன்னதை இப்போது திருத்தி எழுதுகிறேன்.

ஆனேக்கல்லுக்கு அப்பால் இருந்த அந்தக் கருங்கல் குவாரியின் மேற்குச் சுவர், அதாவது வெட்டியபின் செங்குத்தாக நிற்கும் பாறை, உறுதியாக இருக்கிறது என்று சான்று கொடுத்தவன் நான். உச்சிவரை ஏறிப் பார்த்ததாக அதில் எழுதினேன். ஏறவில்லை. அன்று முழங்கால் வலி. கீழே நின்று பார்த்தேன். மிச்சத்துக்குப் புகைப்படங்கள் இருந்தன.

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, குவாரி மேஸ்திரி ஜெயராஜ் போன் செய்தார். மர்பி டவுன்காரர், ஐம்பது வயதிருக்கும், அநாவசியமாகப் பேசாதவர்.

"சார், மேல ஒரு விரிசல் இருக்குது. மூணு நாள் முன்னாடி குறுக்கால சுண்ணாம்புக் கோடு போட்டு வெச்சேன். இப்ப கோடு ரெண்டா பிரிஞ்சு நடுவுல என் விரல் போவுது. கீழ இருக்கிற ஆளுங்கள வெளிய அனுப்பிடட்டுமா?"

"அது பழைய விரிசல், ஜெயராஜ். நான் பார்த்துட்டுத்தான் எழுதினேன். வேலை நடக்கட்டும்."

"நீங்க ஒரு தபா வந்து பாத்துட்டா நல்லாயிருக்கும் சார்."

"வியாழக்கிழமை வரேன்."

நிறுத்தச் சொல்லியிருந்தால், ஏறிப் பார்த்தபோது விரிசல் கண்ணில் படவில்லையா என்று யாராவது கேட்டிருப்பார்கள். அந்த ஒரு கேள்விக்குத்தான் பயந்தேன்.

சுவர் புதன்கிழமை காலையில் சரிந்து விழுந்தது. அடியில் நான்கு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மண் உதிர்வதைப் பார்த்த ஜெயராஜ் அவர்களைக் கூப்பிட்டபடி உள்ளே ஓடினாராம். ஐவரும் திரும்பவில்லை.

அந்த போன் அழைப்பைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். வேலையை நிறுத்தச் சொன்னேன், மேஸ்திரி கேட்கவில்லை என்றேன். என் குரல் நடுங்கவில்லை. நீங்களும் நம்பினீர்கள். ஜெயராஜின் அலட்சியமே காரணம் என்று முடித்தீர்கள்.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி யூனிஸ் என் ஆபீசுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார், அவரு சொன்ன பேச்சு கேக்காத மனுஷன் கிடையாது. நெஜமாவே நிறுத்தச் சொன்னீங்களா?"

"சொன்னேம்மா."

"அப்படின்னா அந்த நாலு வீட்டுக்கும் நான் போய் மன்னிப்பு கேக்கணும். அட்ரஸ் தெரியுமா சார்?"

ஃபைலைப் பார்த்து, நான்கு முகவரிகளையும் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்றுகூடச் சொன்னேன். அவர் வெளியே போனார். திரும்பக் கூப்பிடவில்லை.

ஆக, சுவரைப் பார்க்காமல் சான்று கொடுத்தவன் நான். ஆட்களை வெளியே அனுப்பக் கேட்டவரைத் தடுத்தவன் நான். இறந்தபின் அவர்மேல் பழியைப் போட்டவனும் நான். இது போதும் உங்களுக்கு. ஆனால் என்னை எழுத வைத்தது இது அல்ல.

போன வாரம் யூனிஸ் மறுபடி வந்தார். கன்னத்தில் பழைய காயம் ஒன்று ஆறிக்கொண்டிருந்தது.

"நாலு வீட்டுக்கும் போயிட்டு வந்துட்டேன் சார். ஒரு வீட்ல செருப்பால அடிச்சாங்க. அவங்க வயித்தெரிச்சல், அடிக்கட்டும்." பிறகு என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "அவரால உங்களுக்கும் எவ்ளோ அலைச்சல். நீங்களும் அவர மன்னிச்சிடுங்க சார்."

எதிரே நின்றவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது.

"மன்னிச்சிட்டேம்மா" என்றேன்.