மைக்குக்கு மாலை வேண்டாம்

மேடையில் வீற்றிருக்கும் நமது டென்னிஸ் மன்றத் தலைவர், சுரங்கத்தின் முதன்மை மேலாளர் சக்கரபாணி அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் ஆரோன் அங்கிள் அவர்களே! பகல் ஷிப்டு முடித்து முகம் கழுவ நேரமில்லாமல் வந்திருக்கும் அண்ணன்மார்களே! நைட் ஷிப்டுக்குக் கட்டிய சாப்பாட்டுப் பையோடு வாசலில் நிற்கும் அக்காமார்களே! அனைவருக்கும் ஜூனியர் ஆட்டக்காரர்களின் சார்பில் ஜெப்ரினின் வணக்கம்.

என் கைக்கு மைக் வந்ததும் கமிட்டியில் இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். பயப்பட வேண்டாம் சார். இன்று குறும்பு கிடையாது. இருந்தாலும் கொஞ்சம்தான்.

சற்று முன் நாம் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். யாருக்காக? அனல் மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறைப் பொறியாளர், நமது ஆண்டுப் போட்டியின் வர்ணனையாளர், மன்றத்து வாசல் பலகையில் மறுநாள் காலை ஒட்டப்படும் ஆட்டச் செய்தியை எழுதியவர், சென்ற மாதம் மாரடைப்பில் நம்மைவிட்டுப் பிரிந்த எவாஞ்சலின் மேடத்துக்காக. ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும் இடைவேளை அந்த இரண்டு நிமிடத்தைவிடக் குறைவு. அதற்குள் இரண்டு கேமின் கதையை, காரணத்தோடு, மூச்சு வாங்காமல் சொல்லி முடிப்பார் அவர். மௌனமாக நிற்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. இவ்வளவு நேரத்தை வீணாக்குகிறோமே என்று மேடம் மேலிருந்து முறைப்பதுபோல் இருந்தது!

நாம் டிவியில் டென்னிஸ் பார்க்கிறோம். என்ன கேட்கிறோம்? பந்து வலையைத் தாண்டும் முன்பே நாலு பேர் கத்துவார்கள். வீரரின் காதலி எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்பார்கள். போன வருடம் எத்தனை பட்டம், அதற்கு முந்தைய வருடம் எத்தனை பட்டம் என்பார்கள். இந்தப் பந்து ஏன் வெளியே போனது? அதை மட்டும் சொல்லமாட்டார்கள்! காலையில் பேப்பரைப் பிரித்தால் ஒரு வரி இருக்கும். அதிலும் தோற்றவர் பெயரில் பாதியைக் காணோம்.

எவாஞ்சலின் மேடம் அப்படியா பேசினார்? பந்து பறக்கும்போது அவர் மைக் தூங்கும். பக்கம் மாறும்போதுதான் எழும். கட்டுப்பாட்டு அறையில் ஷிப்டு மாறும்போது, போகிறவர் வருகிறவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது உங்களுக்குத் தெரியும். எந்த மெஷின் ஓடுகிறது, எது திணறுகிறது, எதைக் கவனிக்க வேண்டும் என்று நேராகச் சொல்வார்கள். “சூப்பரா ஓடுது, செமையா ஓடுது” என்று சொல்லிவிட்டுப் போனால் அடுத்த ஷிப்டின் கதி என்ன? மேடம் ஆட்டத்தையும் அப்படித்தான் ஒப்படைத்தார். ஷிப்டு விட்டுப் பாதி ஆட்டத்தில் வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கும் ஆட்டம் முதலிலிருந்து கிடைத்துவிடும். நெய்வேலியில் நாம் எல்லோரும் கரியைத் தோண்டினோம். அவர் காரணத்தைத் தோண்டினார்!

ராஜாங்கம் அண்ணன் கதையை மறக்க முடியுமா? அதோ, சொல்வதற்கு முன்பே சிரிக்கிறார் பாருங்கள். இரட்டையர் இறுதி ஆட்டம். வெற்றிக்கு ஒரே ஒரு புள்ளி. சர்வீஸ் போடப் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார். ஷிப்டு சைரன் ஊதுகிறது. அண்ணன் என்ன செய்தார்? பந்தைக் கீழே வைத்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். பையை மாட்டிக்கொண்டு கோர்ட்டைவிட்டு நடந்தே போய்விட்டார்! இத்தனை வருட சர்வீஸ், அந்த ஒரு சர்வீஸை மறக்கடித்துவிட்டது. கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. மைக்கை எடுத்து நிதானமாகச் சொன்னார்:

“ராஜாங்கம், உங்க ஷிப்டு இன்னும் முடியலைங்க. ஒரு பாயின்ட் பாக்கி இருக்கு.”

அண்ணன் பாதி வழியில் நின்று, “அய்யய்யோ, கால் தானா போய்க்கினு இருக்குது மேடம்!” என்று ஓடி வந்தார். வந்து டபுள் ஃபால்ட் போட்டார். அது வேறு விஷயம்.

தலைவர் அவர்களே, அடுத்தது உங்கள் கதை. நீங்கள் என்னை முறைக்கலாம், ஆனால் மைக் என்னிடம் இருக்கிறது. மூன்று வருடம் முன்பு அரையிறுதியில் நீங்கள் தோற்றீர்கள். மேடம் சொன்னது கோர்ட்டைத் தாண்டிப் பால் பூத் வரைக்கும் கேட்டது: “சக்கரபாணியோட ரெண்டாவது சர்வீஸ் எப்பவும் ஒரே இடத்துக்குத்தான் போகுது. எதிராளிக்கு அவரே கதவைத் தொறந்து வெச்சிருக்காரு.” கமிட்டிக்காரர் ஒருவர் ஓடிப்போய், “என்ன மேடம், பேருக்குப் பின்னாடி ஒரு சார் போடக் கூடாதா?” என்றார். மேடம் சொன்ன பதில் இன்றைக்கும் எங்கள் வாட்ஸப் குழுவின் பெயராக இருக்கிறது: “கோர்ட்ல சார் இல்லைங்க, ஸ்கோர்தான்.”

நீங்கள் கொஞ்ச நாள் மன்றத்துப் பக்கமே வரவில்லை. பிறகு வந்தீர்கள், விடிகாலையில், தனியாக, ஒரு கூடைப் பந்தோடு. அடுத்த வருடம் உங்கள் இரண்டாவது சர்வீஸ் எங்கே விழும் என்று யாருக்கும் தெரியவில்லை. சில சமயம் உங்களுக்கே தெரியவில்லை! அதையும் மேடம்தான் சொன்னார், அதே மைக்கில், அதே குரலில். பாராட்டும் பழுதும் அவரிடம் ஒரே சம்பளம் வாங்கின.

அவர் தவறே செய்யாதவரா? செய்தார். கம்மாபுரம் இளவழகன் அண்ணன், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர், அரையிறுதியில் முதல் செட்டை வென்றுவிட்டு அடுத்த இரண்டையும் கோட்டைவிட்டார். “இளவழகனுக்குப் பயிற்சி போதவில்லை, அதான் கால் நகரவில்லை” என்று மேடம் சொன்னார். ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல முதலில் தோற்றவரிடம் போனார். ஜெயித்தவரிடம் போக எல்லோரும் இருக்கிறார்களே! அண்ணன் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். நாங்கள் பக்கத்தில்தான் நின்றோம்.

“என்ன இளவழகன், கால் ஏன் வரலை?”

“மொத ஷிப்டு மேடம். முடிச்சிட்டு அப்டியே சைக்கிள மிதிச்சிக்கினு வந்துட்டேன். சோறு துன்னா நேரம் ஆயிடும், பேர அடிச்சிடுவாங்கன்னு சாப்புடல.”

“அப்போ நான் மைக்ல சொன்னது?”

“வுடுங்க மேடம். சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்.”

மேடம் விட்டாரா? மறுநாள் இறுதி ஆட்டம். வேலி முழுக்கக் கூட்டம். முதல் பந்துக்கு முன்பே மைக்கை எடுத்தார். “நேத்து இளவழகனைப் பத்தி நான் சொன்னது தப்பு. அவருக்குப் பயிற்சி போதாமல் இல்லை. நாம அவருக்குக் குடுத்த நேரம் போதலை. ஷிப்டு முடியுற நேரத்துக்கு ஆட்டம் வெச்சா, எந்தக் காலும் நகராது.” அவ்வளவுதான். வாசல் பலகையிலும் அதையே எழுதி ஒட்டினார், நேற்றைய செய்திக்கு மேலேயே. அந்த வருடம் தொடங்கித்தான் நம் போட்டியின் அட்டவணை ஷிப்டு பார்த்துப் போடப்படுகிறது. ஒரு வர்ணனை ஒரு வழக்கத்தையே மாற்றியது! இதைவிட ஒரு செய்தியாளருக்கு வேறு என்ன பட்டம் வேண்டும்?

இனி, நாங்கள் இங்கே எதற்கு வந்தோமோ அதைச் சொல்லிவிடுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்த ஆண்டின் போட்டி தொடங்குகிறது. கமிட்டி ஒரு முடிவு எடுத்திருக்கிறது. மேடம் உட்கார்ந்த நாற்காலியில் அவர் படம் இருக்கும். அவர் மைக்குக்கு மாலை போடப்படும். போட்டி முழுவதும் வர்ணனை இருக்காது, மரியாதையாக. நல்ல மனதோடு எடுத்த முடிவு என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறோம். நாற்பது ஆட்டத்துக்கும் மேல் நடக்கப் போகிறதே, ஒருவர் ஏன் தோற்றார் என்று சொல்ல ஆளில்லாமல் ஒரு போட்டி நடப்பதா அவருக்கு மரியாதை? ஷிப்டு விட்டு வேலியோரம் வந்து நிற்பவருக்கு நாம் எதை ஒப்படைப்போம்? மாலையையா?

நாங்களாக முடிவு செய்யக் கூடாது என்று நேற்று மேடத்தின் கணவர் ஆரோன் அங்கிளின் குவார்ட்டர்ஸுக்குப் போனோம். டிவியில் ஏதோ ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். அங்கிள் சொன்னார்:

“அவ எப்பவும் சத்தத்தை நிறுத்திட்டுத்தான் பார்ப்பா. அவளே எனக்குச் சொல்லுவா. பழக்கத்துல நானும் நிறுத்தித்தான் வெச்சிருக்கேன். ஆனா சொல்றதுக்கு ஆளில்லைப்பா.”

கமிட்டியின் முடிவைத் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அங்கிள் ஓடிக்கொண்டிருந்த டிவியைப் பார்த்தார். பிறகு, “வூடு பூரா ஏற்கெனவே மௌனம்தான். கோர்ட்லயும் எதுக்கு?” என்றார்.

பெரியோர்களே! இதற்குமேல் நான் என்ன வாதாட?

அங்கிளிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, எங்களால் வர்ணனை செய்ய முடியுமா என்று பார்க்க நேரே கோர்ட்டுக்குப் போனோம். இளவழகன் அண்ணனும் நானும் ஒரு செட் ஆடினோம். குள்ளஞ்சாவடியிலிருந்து பஸ்ஸில் வந்து பயிற்சி எடுக்கும் அன்புக்கரசி அக்காவை உங்களுக்குத் தெரியும். பெண்கள் பிரிவில் போன வருடம் முதல் சுற்றிலேயே தோற்றவர், அதனால் தோல்வியை உள்ளிருந்து அறிந்தவர். கையில் மைக் கூட இல்லாமல், பக்கம் மாறும்போது மட்டும் எழுந்து நின்று பேசினார். ஸ்கோரை ஒரு முறை தப்பாகச் சொல்லி, உடனே திருத்தினார். என்னைப் பற்றி, “ஜெப்ரின் வாய் நகருகிற வேகத்தில் கால் நகரவில்லை” என்றார். அநியாயம்! ஆனால் அடுத்த கேமில் என் கால் நகர்ந்தது. சுரங்கத்திலிருந்து வந்த பஸ் ஒன்று சாலையில் நின்றது. இறங்கியவர்கள் வீட்டுக்குப் போகாமல் வேலியோரம் வந்து நின்றார்கள். ஒருவர் கேட்டார், “என்னாம்மா, ஆட்டம் எப்டி போய்க்கினு இருக்குது?” அக்கா அவருக்கு முதலிலிருந்து சொன்னார்.

தலைவர் அவர்களே, மேடத்தின் படத்தை வையுங்கள். பூவும் வையுங்கள். மைக்கை மட்டும் எங்களிடம் கொடுங்கள். புகழ்ச்சிக்காகப் பொய் சொல்லமாட்டோம், பதவிக்காகப் பூசி மெழுகமாட்டோம், தவறு செய்தால் அதே மைக்கில் திருத்துவோம். இது எவாஞ்சலின் மேடத்தின் பெயரால் ஜூனியர்கள் எடுக்கும் உறுதிமொழி.

என்ன சார், எழுந்துவிட்டீர்கள்? என்னை இறங்கச் சொல்கிறீர்களா?

இல்லை. சார் கேட்கிறார், “அந்தப் பொண்ணு வந்திருக்காளா?”

வந்திருக்கிறார் சார், கடைசி வரிசை! அக்கா, இன்னும் எதுக்கு உட்கார்ந்திருக்கீங்க? எழுந்து வாங்க. எல்லோரும் கொஞ்சம் வழிவிடுங்கள்.