சந்துப் பக்கம் வைத்த மின்விசிறி

என் பெயர் பிரியதர்ஷினி. வயது இருபத்தேழு. தகப்பனார் பெயர் அரங்கநாதன், காலமாகிவிட்டார். வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து உறுவையாறு கிராமத்தில் என் தாயார் ஆதிலட்சுமியுடன் சொந்த வீட்டில் வசிக்கிறேன். வீட்டிலிருந்தபடியே ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன்.

பக்கத்து வீட்டு சகாய சுரேஷ் விவசாயி சுப்பராயலுவை அடித்த வழக்கில் போலீசார் என்னைச் சாட்சியாக அழைத்தார்கள். அடித்ததை நான் பார்த்தேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்தது என் வீட்டில் தொடங்கியது என்பதால், அதையும் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். தாளும் பேனாவும் கொடுத்தார்கள். என் கையாலேயே எழுதித் தருகிறேன்.

எங்கள் வீட்டின் பின் அறையில் அப்பா துணி வைத்திருந்த மர அலமாரி ஒன்று உண்டு. சென்ற தீபாவளிக்குப் பிறகு அதன் தட்டுகளைக் கழற்றி, உள்ளே பிளாஸ்டிக் விரிப்பு அடித்து, சிப்பிக் காளான் வளர்க்கத் தொடங்கினேன். அவித்த வைக்கோலையும் காளான் விதையையும் மாற்றி மாற்றிப் பையில் அடைத்துத் தொங்கவிட வேண்டும். என் தாயாரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. மறைக்க வேண்டிய தொழில் இல்லை அது. தெருவில் எதைத் தொடங்கினாலும் அது முடியும் வரை எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றையாவது யாருக்கும் பதில் சொல்லாமல் செய்து பார்க்க ஆசைப்பட்டேன்.

காளானும் மூச்சு விடும். அது விட்ட காற்று அலமாரிக்குள்ளேயே தங்கினால் தண்டு நீண்டு குடை சிறுத்துப்போகும். முதல் பறிப்பு அப்படித்தான் வந்தது. அதன் பிறகு சுவரில் துளை போட்டு, சமையலறையில் மாட்டும் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை அலமாரியின் முதுகில் பொருத்தினேன். துளை திறப்பது எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்தில். ஒரு ஆள் பக்கவாட்டில் நடந்து போகும் அகலம்தான். எதிர்ச் சுவரில் அடுத்த வீட்டு அந்தோணி மேரி படுக்கும் அறையின் சிமெண்ட் ஜாலி இருக்கிறது. அதற்குக் கதவு கிடையாது.

அந்தோணி மேரி சகாய சுரேஷின் தாயார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவருக்கு லேசான தூக்கம். ஃபேன் ஓடிய மறுநாளே சந்து வழியாகக் குரல் கொடுத்தார்.

"இன்னாடி பிரியா, வூட்டுக்குள்ள ரைஸ்மில்லு வெச்சிருக்கியா? ராத்திரி பூரா கடகடன்னு ஓடுது. மாவு அரைக்க நானும் எடுத்தாரட்டுமா?"

பழைய மின்விசிறி கெட்டுவிட்டது, மாற்றிவிடுகிறேன் என்று சொன்னேன். உடனே அதைக் கழற்றிவிட்டேன். அவர் தூக்கம் கெட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அத்துடன், அவர் இன்னொரு முறை கேட்டால் காளானைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும் என்பதும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று அப்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அதன் பிறகு சத்தம் வராத மின்விசிறி எது என்று பல நாள் படித்தேன். சின்ன இறக்கை வேகமாகச் சுற்றினால் கத்தும், பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றினால் அதே காற்றைச் சத்தமில்லாமல் தள்ளும் என்று தெரிந்துகொண்டேன். மின்விசிறியைவிட அதைத் தாங்கும் பலகைதான் அதிகம் அதிரும் என்றும், நேரான குழாயைவிட வளைந்த குழாயில் ஒலி அடங்கும் என்றும் படித்தேன். அதன் பிறகு வில்லியனூரில் ராஜ்மோகன் என்பவர் நடத்தும் எலக்ட்ரிகல் கடைக்குப் போனேன்.

"எக்ஸாஸ்ட்டுன்னா சத்தம் வரத்தாம்மா செய்யும். சத்தம் வரலன்னா ஓடலன்னு திருப்பி எடுத்தாந்துடுவாங்க," என்றார். எதற்கு என்று கேட்டார். ஒரு அலமாரிக்கு என்றேன். "அலமாரிக்கு ஃபேனா? உள்ள யாரும்மா குடியிருக்கா?" என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மழைக்காலத்தில் துணி பூஞ்சை பிடிக்கிறது என்று பொய் சொன்னேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்து ஓட்டிக் காட்டினார். எனக்காகக் கடையின் சீலிங் ஃபேனைக்கூட நிறுத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கடைசியில், பெரிய கம்ப்யூட்டர் பெட்டிகளில் வைக்கும் அகலமான கறுப்பு மின்விசிறி ஒன்றையும், வேகத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரையும் வாங்கினேன்.

சைக்கிள் டியூபை வாராக வெட்டி, மரத்தில் படாமல் மின்விசிறியை அந்தரத்தில் தொங்கவிட்டேன். இரண்டு முட்டிக் குழாய் வைத்து வளைத்துச் சந்துக்குக் கொண்டுபோனேன். குழாய்க்கு உள்பக்கம் பழைய மெத்தைப் பஞ்சு ஒட்டினேன். ஓடவிட்டுச் சந்தில் போய் நின்றேன். ஜாலிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமே கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, "சத்தம் எதுனா வருதா அத்தை?" என்று கேட்டேன். "இன்னா சத்தம்?" என்றார். அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் இங்கே எழுத வேண்டும்.

குடை விரிந்த காளான் வெள்ளையாகத் தூள் உதிர்க்கும். அந்தத் தூள் மூச்சில் தொடர்ந்து போனால் நுரையீரலுக்கு ஆகாது என்று விதை வாங்கிய இடத்தில் சொல்லியிருந்தார்கள். ஆகவே அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் நான் முகக்கவசம் போட்டுக்கொண்டேன். என் தாயாரை அந்த அறைக்குள் விடவில்லை. திறந்தால் அறையில் தூள் நிற்கவே இல்லை. மின்விசிறி எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டிருந்தது. அதையும் நல்லதென்றே எடுத்துக்கொண்டேன். வெளியே என்றால் எங்கே என்று நினைத்துப் பார்க்கவில்லை.

பொங்கலுக்குப் பிறகு அந்தோணி மேரிக்கு இருமல் வந்தது. சாயங்காலமானால் காய்ச்சலும் குளிரும் வரும். அதே சமயம் எங்கள் தெருவுக்குப் பின்னால் கரும்பு வெட்டு முடிந்து, வயலில் கிடக்கும் சோகையை, அதாவது காய்ந்த கரும்பு இலையை, கொளுத்தத் தொடங்கியிருந்தார்கள். துணிக் கொடியில் கரி விழும். தெருவில் எல்லோரும் புகையால்தான் இருமல் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு மிக அருகில் உள்ள வயல் சுப்பராயலுவுடையது. ஆகவே அவர் பெயரே எல்லோர் வாயிலும் வந்தது.

அதன் பிறகு மண்ணாடிப்பட்டில் உறவினர் திருமணத்துக்காக நானும் என் தாயாரும் ஒரு வாரம் போய்த் தங்கினோம். போகும் முன் அலமாரியைக் காலி செய்து மின்விசிறியை நிறுத்தினேன். திரும்பி வந்தபோது அந்தோணி மேரி வெளியே நின்று துறட்டியால் முருங்கைக்கீரை பறித்துக்கொண்டிருந்தார். "ஊருக்குப் போனியேடி, எனுக்குப் பூந்தி எங்க?" என்று கேட்டார். மூச்சு வாங்கவில்லை. பின்னால் வயல்வெளியில் அன்றும் புகை எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டையும் நான் ஒரே நேரத்தில் பார்த்தேன்.

புதிய பைகளைத் தொங்கவிட்டு, குடை விரியத் தொடங்கிய நாட்களில் அவர் மறுபடி படுத்துவிட்டார். அன்று கைபேசியில் தேடினேன். காளான் பண்ணைகளில் வேலை செய்பவர்களுக்கு வரும் நோயைப் பற்றி ஒரு பக்கம் வந்தது. சாயங்காலக் காய்ச்சல், குளிர், இருமல், அந்த இடத்தை விட்டு விலகினால் குறைதல் என்று இருந்தது. கடைசி வரை படித்தேன். அடுத்தவர் பிழைகளைத் திருத்திப் பிழைப்பவள் நான். அதில் எனக்குப் புரியாத வரி ஒன்றும் இல்லை.

படித்த பிறகு நான் செய்தது, ரெகுலேட்டரைக் கொஞ்சம் குறைத்து வைத்தது. நிறுத்தவில்லை. நிறுத்தினால் பையெல்லாம் கெட்டுவிடும். அதைவிட, நிறுத்தி அவருக்குக் குணமானால் என்னால்தான் என்பது எனக்கு உறுதியாகிவிடும். குறைத்து வைத்தால் எனக்கு ஒன்றும் உறுதியாகாது.

அதன் பிறகு மூச்சுத்திணறல் அதிகமாகி அந்தோணி மேரியை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் பிளாஸ்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். அந்த நேரத்தில் பெண் மருத்துவர் ஒருவர் வந்து சகாய சுரேஷிடம் விசாரித்தார்.

"வீட்ல புறா, கோழி எதாவது வளக்கறீங்களா? பூஞ்சை புடிச்ச வைக்கோல், தானியம், அந்த மாதிரி தூசி பக்கத்துல எதாவது?"

"அதெல்லாம் ஒன்னும் இல்ல மேடம். பின்னாடி சோகை கொளுத்துறானுங்க. எத்தினி தபா சொல்லியும் கேக்க மாட்றானுங்க. எங்கம்மாவ கொல்லாம வுட மாட்டானுங்க போல."

மருத்துவர் என்னையும் பார்த்தார். வீட்டு ஆள் என்று நினைத்திருக்கலாம். நான் பிளாஸ்கின் மூடியைத் திருகித் திறந்தேன். மறுபடி மூடினேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். படுத்திருந்த அந்தோணி மேரி, "பக்கத்து வூட்டுப் பொண்ணு மேடம், எம் பொண்ணு மாதிரி," என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் காலை நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வயலில் சத்தம் கேட்டது. சகாய சுரேஷ் வரப்பில் நின்று, "யோவ், எங்கம்மாவுக்கு எதுனா ஆச்சு, உன்ன இங்கயே பொதைச்சிடுவேன்," என்று கத்தினார். சுப்பராயலு வயலுக்குள் இருந்து கையைக் காட்டி, "தம்பி, கண்ணத் தொறந்து பாருடா. இந்த வருசம் நான் கொளுத்தவே இல்ல. சோகையெல்லாம் மூடாக்கு போட்டுட்டேன், மண்ணுக்குப் போவட்டும்னு," என்றார். உண்மையில் அவர் வயலில் சோகை பாய் விரித்த மாதிரி பரவிக் கிடந்தது. மாடியிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. சகாய சுரேஷ் அதைப் பார்க்கவில்லை. அங்கே கிடந்த மண்வெட்டியை எடுத்துக் காம்பால் அடித்தார். சுப்பராயலு தடுக்கக் கையைத் தூக்கினார். அடி முழங்கைக்குக் கீழே விழுந்தது. அவர் சோகை மேல் உட்கார்ந்தார். நான் மாடியிலிருந்து, "சுரேஷ் அண்ணா," என்று ஒருமுறை கூப்பிட்டேன். அக்கம்பக்கத்தார் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்கள். பிறகு போலீசார் வந்து சகாய சுரேஷை அழைத்துப் போனார்கள்.

அதன் பிறகு நான் கீழே வந்து மின்விசிறியை நிறுத்தினேன். நின்றது என்று தெரியவே இல்லை. ஓடும்போது எப்படி இருந்ததோ அப்படியே அறை இருந்தது.

அன்றைய கஞ்சியையும் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போய் அந்த மருத்துவரைத் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. எத்தனை நாளாக, எவ்வளவு தூரத்தில் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். இதனால் இருக்கலாம், புகையும் சேர்ந்திருக்கலாம், பரிசோதனை செய்துதான் சொல்ல முடியும் என்றார். மருந்தை மாற்றினார். நுரையீரல் பழைய நிலைக்கு வருமா என்று கேட்டேன். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். பாக்கலாம்," என்றார்.

அந்தோணி மேரியிடமும் சொன்னேன். மூக்கில் குழாய் இருந்ததால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பேசினார். சுரேஷ் ஏன் வரவில்லை என்று முதலில் கேட்டார். அதைச் சொன்னேன். அதற்குக் காரணமானதையும் சொன்னேன்.

"சத்தமே கேக்கலியேடி," என்றார். நான் கொண்டுபோன கஞ்சியை அன்று அவர் குடிக்கவில்லை.

சகாய சுரேஷ் அடித்தது சரி என்று நான் சொல்லவில்லை. சுப்பராயலு எந்தத் தவறும் செய்யவில்லை. அவர் வயலிலிருந்து புகை வரவில்லை. மருத்துவர் கேட்ட அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் சகாய சுரேஷ் மறுநாள் அந்த வரப்புக்குப் போயிருக்க மாட்டார்.

மேற்படி மின்விசிறியையும் ரெகுலேட்டரையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். இரண்டும் நல்ல நிலையில் உள்ளன. மின்விசிறி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமானால் காதால் முடியாது, முன்னால் கையை வைத்துப் பார்க்க வேண்டும்.

இதுவரை எழுதியதை உதவி ஆய்வாளர் படித்துப் பார்த்தார். "தெரியாம செஞ்சிட்டேன்னு கடைசியா ஒரு வரி சேத்துக்கம்மா. உனக்கு நல்லது," என்றார். அவர் என் நன்மைக்காகத்தான் சொன்னார். கைபேசியில் அந்தப் பக்கத்தைப் படித்த நாள் வரையில் அந்த வரி உண்மை. அதற்குப் பிறகு இல்லை. ஆகவே சேர்க்கவில்லை.

மேலே கண்டவை அனைத்தும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சுயநினைவோடு, நான் அறிந்தபடி எழுதியவை. திரும்பப் படித்துப் பார்த்தேன். திருத்த ஒன்றும் இல்லை.

(ஒப்பம்)
அ. பிரியதர்ஷினி
உறுவையாறு