பொட்டாசியம் என்று எழுதிய பாட்டில்

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆய்வகத்தில் பாட்டில்களுக்கு லேபிள் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். விசாரணைக்கென்று நீங்கள் மேஜைமேல் வைத்திருக்கும் அந்தப் பாட்டிலில் ‘பொட்டாசியம்’ என்று எழுதியதும் நான்தான்.

டி.என்.ஏ. இரட்டை இழை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். சில இடங்களில் அது நாலாக மடிந்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும். மரபணுவின் தலைமாட்டில் முடிச்சு விழுந்தால் அந்த மரபணு வாயை மூடிக்கொள்ளும். புற்றுக்கட்டியை வளர்க்கும் மரபணுவில் அந்த முடிச்சை இறுக்கிவைக்க ஒரு மருந்து செய்தேன். ஒன்பது வருட உழைப்பு. “முடிச்சவிக்கி” என்று தங்கை கிண்டல் செய்வாள். நான் அவிழ்ப்பவன் இல்லை, இறுக்குபவன் என்று திருத்துவேன்.

மருந்து நல்ல செல்களைத் தொடுகிறதா என்பது கடைசிச் சோதனை. தொட்டது. இரத்தத்தை உண்டாக்கும் செல்களிலும் முடிச்சுகள் இறுகிப்போயிருந்தன. வெளியே சொன்னால் திட்டத்தையே இழுத்து மூடிவிடுவார்கள்.

இந்த முடிச்சு நிற்கப் பொட்டாசியம் வேண்டும். லித்தியத்தில் நிற்காது. இரண்டு உப்பும் வெள்ளை, இரண்டு கரைசலும் தண்ணீர்போலத்தான் இருக்கும். நல்ல செல்களின் டி.என்.ஏ.வை லித்தியக் கரைசலில் போட்டேன். பாட்டிலில் பொட்டாசியம் என்று எழுதினேன். முடிச்சே இல்லை என்று அறிக்கை போனது.

மருந்தைப் போட்டுக்கொள்ள முதலில் முன்வந்தவர்களில் என் தங்கையும் ஒருத்தி. அவளுக்கு ஈரலில் கட்டி.

“பயமில்லையேண்ணா?”

“சோதனையில சுத்தமா வந்திருக்கும்மா.”

“நீ செஞ்சதுன்னா கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுக்குவேன்.”

சம்மதப் படிவத்தை நான் நிரப்பினேன், அவள் கையெழுத்துப் போட்டாள். பதினெட்டாம் நாள் ஈறுகளில் இரத்தம் கசிந்தது. “ஏண்ணா நிக்கவே மாட்டேங்குது?” என்றாள். பஞ்சால் துடைத்துவிட்டேன். மருந்தை நிறுத்திவிடலாமா என்று மருத்துவர் என்னைக் கேட்டார். தொடரலாம் என்றேன். இருபத்தாறாம் நாள் போய்விட்டாள். தேம்பித் தேம்பி அழுதேன். அதை நடிப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

அவளிடமிருந்து கடைசியாக எடுத்த இரத்தத்தை நானே ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். பொட்டாசியம் என்று நான் எழுதிய அதே பாட்டிலிலிருந்து கரைசல் ஊற்றி மூன்று முறை சோதித்தேன். ஒரு முடிச்சுகூட இல்லை. என் மருந்து அவளை ஒன்றும் செய்யவில்லை.